அயாஷிக்குக் கனவு வருகிறது

சர்க்கரை ஆலையின் புகைபோக்கி பின்னுக்குப் போனதும் அயாஷி முந்தைய இரவின் கனவைத் தொடங்கிவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வண்டியில் பயணிகள் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கனவு.

“ஒரு கழுதை, தம்பி. எங்க மாமா வீட்டுக் கழுதை. அது என் வண்டிய ஓட்டுது. நான் பின் சீட்டுல கிழங்கு மூட்டை மாதிரி கிடக்கேன். தடுப்புல காவலர் கைய நீட்டி லைசென்ஸ் கேக்குறாரு. அது எடுத்துக் காட்டுது! போட்டோல என்னைவிட லட்சணமா இருக்கு!”

பின்னால் சிரிப்பு எழும். உடனே ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். “என்ன சிரிப்பு? வேர்த்துக் கொட்டி எழுந்தவன் நான். மெத்தையெல்லாம் ஈரம். சினிமா பாக்க வந்தீங்களா?” சிரிப்பு அடங்கும். அடங்கியதும், ஏன் ஒருத்தரும் சிரிக்கவில்லை என்று அதற்கும் கோபம் வரும்.

எங்கள் ஊர் கஸ்ரிலிருந்து கடலோர லாராஷுக்கு ஓடும் வாடகை வண்டிகளில் அயாஷியுடையதில்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். முன் இருக்கை எனக்கு. பேசாமல் வருகிறவன் என்பதற்காக அவரே ஒதுக்கித் தந்தது. மடியில் புத்தகத்தைக் கண்டால் ஓரக்கண்ணால் பார்ப்பார்.

“இதுல கனவுக்குப் பலன் போட்டிருக்கா?”

“கவிதை, ஸி அயாஷி,” என்றேன். ஸி என்பது எங்கள் பக்கத்து ‘ஐயா’.

“அப்போ எழுதினவனுக்கும் தெரியாது. விடு.”

ஐம்பதைத் தாண்டியவர். ஆகஸ்ட் வெயிலிலும் கழற்றாத கம்பளிக் குல்லாய். வலது கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எலுமிச்சை தேய்த்தும் போகாத மஞ்சள். மீட்டருக்கு மேலே காலி மத்தி மீன் டப்பா ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துத் தொலியை அதில் துப்பிக்கொண்டே ஓட்டுவார். லாராஷ் கடல் தெரிவதற்குள் டப்பா நிறைந்துவிடும். “வாய்க்கு ஒரு வேலை குடுத்து வைக்கச் சொல்லி டாக்டரம்மா சொல்லிச்சு. இல்லன்னா அது பழைய வேலைக்கே போயிடுமாம்.”

பழைய வேலை என்றால் கிஃப். மலையில் விளையும் கஞ்சாவைப் புகையிலையோடு சேர்த்துப் பொடியாக நறுக்கி, நீண்ட மரக்குழலின் நுனியில் இருக்கும் குட்டி மண்கிண்ணத்தில் அடைத்து, இரண்டு மூன்று இழுப்பில் முடித்துச் சாம்பலை ஊதித் தள்ளுவார்கள். எங்கள் பக்கத்தில் இதைப் போதை என்று சொன்னால் சொன்னவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். புதினாத் தேநீர்போல அது ஒரு பேச்சுத் துணை. அயாஷிக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து அந்தத் துணை உண்டு. காலையில் கண் விழித்ததும் ஒன்று, வண்டி நிறையும்வரை ஒன்று, லாராஷில் ஒன்று, திரும்பும்போது ஒன்று. படுக்கும் முன் இழுத்தவற்றை அவரே எண்ணியதில்லை.

அந்த அயாஷியை ஊருக்கே பிடிக்கும். சாலையில் ஆமை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, அது மறுபக்கப் புல்லை அடையும்வரை காத்திருப்பார். அடுப்பில் ரொட்டி இருக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் ரொட்டி வேகும்வரை நிற்பார். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் வலப்பக்கம் ஒதுங்கி, போய் வா ராசா என்று கையசைத்து அனுப்புவார். அவருடைய வண்டிக்குத் தொட்டில் என்று பெயர். கைக்குழந்தைகள் உறங்கும், பல்லும் தலையும் எப்போதும் வலிக்கிற ஆசிரியர் முஃபத்தலும் உறங்கிவிடுவார். வண்டியும் அதை வாடகைக்கு விடும் உரிமமும் தாமூ என்ற விதவையுடையவை; ஊரே அவரை மரியாதையாக லல்லா தாமூ என்னும். இத்தனை வருஷமும் சாவியை அவர் அயாஷியிடமே விட்டு வைத்திருந்ததற்கு அந்தத் தொட்டில் பெயர்தான் காரணம்.

ஒரு குளிர்காலக் காலையில் லாராஷ் நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். அயாஷி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தடுப்புல நின்னோமா?” என்று கேட்டார்.

“என்னது?” என்றார் ஆசிரியர், பாதித் தூக்கத்தில்.

“காவலர் தடுப்பு. அங்க நின்னோமா, நிக்காம வந்துட்டோமா?”

“நின்னோம்யா. காகிதம் காட்டினே. பொண்ணுக்கு எப்போ கல்யாணம்னு அவர்கிட்ட விசாரிச்சே. அவரு தோள்ல தட்டிக் குடுத்தாரு.”

“நானா விசாரிச்சேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். மாலைக்குள் கஸ்ர் கடைத்தெரு முழுக்க அந்தக் கேள்வி நகைச்சுவையாகப் பரவிவிட்டது. நான் பக்கத்தில் இருந்ததால் அவர் முகத்தைப் பார்த்தேன். பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குள் யாரோ நடமாடும் சத்தத்தைக் கேட்டவனின் முகம்.

திரும்பி வரும் வழியில் அவர் தடுப்பில் தானாகவே வண்டியை நிறுத்தி, காவலரிடம் போய்க் கேட்டிருக்கிறார்: “காலையில நான் இங்க நின்னேனா?” காவலரிடம் அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. சந்தேகப்பட்டு, மாற்று டயர்வரை கழற்றிச் சோதித்துவிட்டார்.

“அவரு டயருக்குள்ள தேடுறாரு. தொலஞ்சது என் மண்டைக்குள்ள,” என்று மறுநாள் சொன்னார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி: “எங்கயாவது இடிச்சிருந்தா பரவால்ல, தம்பி. இடிச்சோம்னு தெரிஞ்சிருக்கும். ஒண்ணுமே ஆகல பாரு, அதான் பயமா இருக்கு. ஆறு உசுர ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கேன். யாரு ஓட்டினா?”

லாராஷ் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, போதைப் பழக்கத்துக்கு மருத்துவம் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை சிறியது. வருகிறவர்கள் ஜெல்லாபா அங்கியின் தலைமூடியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, மீன் சந்தைச் சந்து வழியாகப் பின்வாசலில் நுழைவார்கள். நோன்புக்குக் கொஞ்சம் முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை அயாஷி வண்டியை முன்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கதவு திறக்கத் தாமதமானதும் ஹாரன் அடித்தார்.

செய்தி அவருக்கு முன்பே கஸ்ர் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் நிலையத்தில் ஆள் கூவிச் சேர்க்கிற புஸெல்ஹாம் மறுநாள் பெஞ்சின் மேல் ஏறி நின்று கூவினான்: “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஒரு இடம்! ஒரே ஒரு இடம்!”

“ஒண்ணு பத்தாதுடா,” என்றார் அயாஷி, டயரை உதைத்துப் பார்த்தபடி. “உனக்கும் சேர்த்து ரெண்டு பிடிச்சு வெச்சிருக்கேன். மெத்தைகூடத் தர்றாங்களாம்.”

அந்த முதல் சந்திப்பை அவர் எங்களுக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். கிஃப் இழுக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் நம்புகிற ஒன்றையே அவரும் நம்பினார்: நோன்பு மாதம் முழுக்கப் பகலில் குழலைத் தொடாமல் இருக்கிறவன் எப்படி அடிமையாக முடியும்? பிடி இருந்தால் பகலெல்லாம் விடுமா?

“நான் நெஞ்ச நிமித்திச் சொன்னேன். ‘நான் அடிமையெல்லாம் இல்ல டாக்டரம்மா. நோன்பு வருது. வருஷா வருஷம் ஒரு மாசம் பகல்ல தொடுறதே இல்ல. இந்த வருஷம் அதோட அப்படியே விட்டுடுவேன்.’ அந்தம்மா சின்னப் பொண்ணு. என் மக வயசுதான் இருக்கும். பேனாவ மூடி வெச்சிச்சு. ‘சாயங்காலம் பாங்கு சொன்னதும் மொதல்ல வாய்ல வைக்கிறது என்ன, ஸி அயாஷி? பேரீச்சம்பழமா?’ன்னுச்சு.”

இங்கே ஒரு தொலியைத் துப்புவார்.

“என் பொண்டாட்டிகூட என்னை அப்படிக் கேட்டதில்ல.”

கேள்வி உறைத்தாலும் அந்த நோன்பில் அவர் பழைய வழியில்தான் போனார். பகலில் சுத்தம். பாங்கொலி முடியும் முன்பே மொட்டை மாடியில் குழலும் தீக்குச்சியும் தயாராக இருக்கும். பேரீச்சம்பழம் தட்டில் காத்திருக்கும். இரவில் பகலின் பாக்கியையும் சேர்த்து இழுத்தார். விடுவது என்பது தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பெருநாள் பிறை தெரிந்த மாலையில் வந்து முட்டியது. அன்று குழலை மனைவி ஃபாத்னாவிடம் கொடுத்து, அடுப்பில் போடச் சொன்னார். ஃபாத்னா போடவில்லை. மாவு சலிக்கும்போது ஜன்னல் கதவு மூடாமலிருக்க அதை முட்டுக் கொடுத்துவிட்டார்.

ஊர் அறிந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் கஸ்ர் முழுக்கச் சிடுசிடுப்பு. சிகரெட் கிடையாது, காப்பி கிடையாது, கிஃப் கிடையாது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தால் போதும், வெங்காயத்துக்காகத் தராசைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவார்கள். அதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு. நோன்பு ஏறிடுச்சு, விடு என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். பெருநாள் காலையில் புதுத் துணியும் பாதாம் பலகாரமுமாக ஊர் குளிர்ந்துவிடும். அப்படி ஊர் குளிர்ந்த காலையில்தான் அயாஷிக்கு ஏறியது. தோளைத் தட்டி மன்னிக்க ஆள் இல்லாத கோபம்.

“எல்லாருக்கும் நோன்பு முடிஞ்சிடுச்சு,” என்று பெருநாள் கழிந்த முதல் பயணத்தில், வண்டியைக் கிளப்பும் முன் பின்னால் திரும்பி அறிவித்தார். “எனக்கு இப்பத்தான் தொடங்கியிருக்கு, ராத்திரியும் சேர்த்து. கிஃப் விட்டுட்டேன். தூக்கம் இல்ல, வயித்துல சோறு நிக்கல. வண்டி ஓட்டலாம்னு டாக்டரம்மா பாத்துட்டுத்தான் சொல்லிச்சு. ஜன்னல் திறக்கணும்னா சொல்லுங்க, மூடணும்னா சொல்லுங்க. பாட்டு மட்டும் கேக்காதீங்க. பாட்டு கேட்டா எனக்கு அழுகை வருது.”

அந்த வாரங்களில் அவர் கத்தாத பொருள் இல்லை. ஆட்டு மந்தை, டிராக்டர், எதிர்வெயில், ஆசிரியரின் குறட்டை, ஸ்ட்ராபெரி வயலுக்குப் போகும் பெண்களின் மண் ஒட்டிய ரப்பர் காலணி. ஆமைக்கும் ஹாரன் அடித்தார். குளிர்ந்த காலையில் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மீசையில் நிற்கும். தடுப்பைத் தாண்டும்போது மட்டும் குரல் தணியும். “நின்னோம்,” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். சில நாள் சான்றும் சேர்ப்பார்: “நின்னோம். காவலருக்கு இன்னிக்கு மீசை இல்ல.”

பிறகு கனவுகள் வந்தன. கிஃப் இழுத்த காலமெல்லாம் அவருக்குக் கனவே கிடையாது. தலையணையில் தலை வைத்தால் கிணற்றில் கல் போட்டதுபோல. இப்போது விட்டுப்போன கனவெல்லாம் வரிசையில் நின்று உள்ளே நுழைந்தன. பாட்டனின் சவ ஊர்வலம் அவர் வண்டியில் போகிறது, பாட்டன் சில்லறை இல்லை என்கிறார். கடல் கஸ்ர்வரை ஏறி வந்து நிலையத்தில் தன் முறைக்குக் காத்திருக்கிறது. இப்படியொரு வரிக்காக நான் படிக்கும் கவிஞர்கள் மாதக்கணக்கில் தவம் கிடப்பார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று காலையில் எங்கள் மீது கொட்டினார்.

“டாக்டரம்மா இது நல்ல அடையாளம்னுச்சு. மூளை முழிச்சுக்குதாம். கொஞ்சம் மெதுவா முழிக்கச் சொல்லுங்கன்னேன்.”

ஒருமுறை ஃபாத்னா தங்கை வீட்டுக்குப் போக எங்களோடு வந்தார். சிறிய உருவம், பெரிய கைப்பை. பெண்கள் அவரிடம் இரக்கப்பட்டார்கள். ஐயோ, வீட்டிலும் இப்படித்தான் கத்துகிறாரா என்று கேட்டார்கள்.

“கத்தட்டும்மா,” என்றார் ஃபாத்னா. “கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுஷன் என்கிட்ட உம்னு ஒரு சொல்லுதான் சொன்னாரு. பெருநாள் மறுநாள், கூஸ்கூஸ்ல உப்பு இல்லன்னு கத்தினாரு. அட, இவருக்கு நாக்கு இருக்கான்னு எனக்குச் சந்தோஷம். நானும் திருப்பிக் கத்தினேன். ரொம்ப நாள் பாக்கி.”

அயாஷி கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். “உப்பு இல்லதான்,” என்றார்.

செவ்வாய்தோறும் மருத்துவர் அறையில் அரை மணி; பிறகு மற்ற நோயாளிகளோடு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. அங்கே பெரும்பாலும் இளைஞர்கள், மாத்திரையும் ஊசியும் பழகியவர்கள். முதல் நாள் அவரைச் சுற்றிச் சிரித்திருக்கிறார்கள். கிழவா, வெறும் புகைக்கா இவ்வளவு தூரம் வந்தே என்று ஒருவன் கேட்டானாம்.

“ஏண்டா, உன் ஊசிக்கு இருக்கிற மரியாதை என் புகைக்குக் கிடையாதா? என் வாழ்க்கைய எது தின்னுச்சோ அதுக்குத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும். உன்னுது கொடுத்து வெச்சது, ஊசி தின்னுச்சு. என்னுத இந்தப் புகை ஆடு மாதிரி மெதுவா மேய்ஞ்சிருக்கு.” இதைச் சொல்லிவிட்டு அவனுக்கே விதைப் பொட்டலத்தை நீட்டியிருக்கிறார்.

பள்ளிவாசல் பக்கமிருந்தும் ஓர் அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும், பாவமன்னிப்புக் கேட்டவரைப் பார்த்து இளைஞர்கள் திருந்துவார்கள் என்று ஜமாத்தில் ஒருவர் நிலையத்துக்கே வந்து கேட்டார்.

“அல்லாகிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன், ஹாஜி,” என்றார் அயாஷி. “டாக்டர்கிட்ட செவ்வாய்க்கிழமை பேசுறேன். நடுவுல எதுக்கு மைக்?”

நடுவில் ஒருமுறை வழுக்கினார். அதையும் அவர் வாயால்தான் அறிந்தோம். நிலையத்துக்குப் பின்னால் ஓட்டுநர்கள் தேநீர் குடிக்கும் அறையில் குழல் கைமாறி வந்தபோது, கை தானாக நீண்டுவிட்டது. மறுநாள் காலை வண்டியில் ஏறியதும் சொல்லிவிட்டார். “நேத்து இழுத்துட்டேன். நீங்க புஸெல்ஹாம்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்க வேணாம். அவன் ரெண்டு சேர்த்துச் சொல்லுவான்.” அன்று செவ்வாய். மாலை திரும்பும்போது, அங்கே என்ன நடந்தது என்றும் எங்களுக்குச் சொன்னார். “திட்டும்னு நெனச்சுப் போனேன். டாக்டரம்மா திட்டல. ‘திங்கக்கிழமை விழுந்து செவ்வாய்க்கிழமை வந்துட்டீங்களே’ன்னுச்சு. அவ்வளவுதான். யாராவது திட்டணும்ல? வாசல்ல நின்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன். ஒரு நாய் எழுந்து போயிடுச்சு.”

ஆனால் பயணிகளின் பொறுமைக்கு எல்லை உண்டு. ஸ்ட்ராபெரி வயல் பெண்களுக்குத் தலைவி போன்றவர் ஷாமா. அவருக்கு நேர்பேச்சுதான். ஒரு காலை, அயாஷி ஒரு தண்ணீர்க் குட்டைக்காக நகராட்சி முழுவதையும் ஏசி முடித்ததும், ஷாமா முன்னால் குனிந்தார்.

“அண்ணே, அல்லாவுக்காகச் சொல்றேன். வண்டிய நிறுத்திட்டு இறங்கிப் போய் ஒரு இழுப்பு இழுத்துட்டு வா. நாங்க காத்திருக்கோம். பழம் அழுகினாலும் பரவால்ல.”

“ரெண்டா இழுத்துக்கோ,” என்றார் ஆசிரியர். “காசு நான் தர்றேன். எனக்குத் தூக்கம் வேணும்.”

அயாஷி நிறுத்தினார். இருபுறமும் பீட்ரூட் வயல். ஒரு நாரை மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் இறங்கவில்லை; கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷம் உங்களை ஏத்திக்கிட்டுப் போனது நான் இல்லம்மா. அந்தக் குழல். அதுக்குத்தான் நீங்க தினமும் சலாம் சொன்னீங்க. நல்ல குழல், சாதுவான குழல், யாரையும் ஒரு சொல் சொல்லாது. நான் இப்பத்தான் வந்திருக்கேன். புது ஆளு. எனக்கே இன்னும் பழகல. பிடிக்கலன்னா இறங்குங்க.”

ஒருவரும் இறங்கவில்லை. நடுவயலில் எங்கே இறங்குவது? ஆனால் அடுத்த நாள்களில் பலர் தொட்டிலில் ஏறாமல் அடுத்த வண்டிக்காக நின்றார்கள். புகார் லல்லா தாமூவின் வீடுவரை போயிற்று.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை லல்லா தாமூ நிலையத்துக்கே வந்தார். பச்சை ஜெல்லாபா, கையில் துணி முடிச்சு. வண்டியில் ஐந்து பேர் ஏறியிருந்தோம்: முன்னால் நான், நடுவில் ஷாமாவும் அவரோடு இரண்டு பெண்களும், கடைசியில் ஆசிரியர். இன்னும் ஓர் ஆளுக்காகப் புஸெல்ஹாம் கூவிக்கொண்டிருந்தான். தேநீர் அறை வாசலில் புதுச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன், தேவையில்லாமல் எங்கள் வண்டியையே பார்த்தபடி நின்றான்.

“இறங்கு, அயாஷி,” என்றார் லல்லா தாமூ.

இறங்கினார். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தே இருந்தது.

“வீட்டுக்காரர் மௌத்தானதுக்கப்புறம் எனக்குச் சோறு போடுறது இந்த வண்டிதான். நம்பி உன்கிட்ட குடுத்தேன். ஒருத்தர் உன்னைப்பத்தி ஒரு சொல் சொன்னதில்ல. இப்போ சந்தைக்குப் போனா முட்டைக்காரி கேக்குறா, உன் ஓட்டுநருக்குப் பேய் பிடிச்சிருக்கான்னு.”

“பேய் இறங்கிட்டிருக்கு, லல்லா. இறங்குறப்போ சத்தம் போடத்தான் செய்யும்.”

“எனக்கு வாதம் பண்ணத் தெரியாது.” துணி முடிச்சை அவிழ்த்தார். “அண்ணன் மகன் நிலத்துலேருந்து வந்தது. நல்ல சரக்கு. புகையிலை சேர்த்து நறுக்க வெச்சு நானே கொண்டாந்தேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு இழுத்துக்கிட்டுப் பழைய மாதிரி இரு. எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. இல்லன்னா சாவியக் குடு. ஆள் பாத்து வெச்சிருக்கேன்.”

அவர் குரலில் கடுமை இல்லை. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொண்டுவந்தவரின் கனிவுதான் இருந்தது. முடிச்சு அவிழ்ந்ததும் ஈர வைக்கோலும் பிசினும் கலந்த அந்த வாசனை என் ஜன்னல்வரை வந்தது. அயாஷியின் மூக்குத் துவாரங்கள் விரிந்தன. கதவு விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. ஒரு கணம் அவர் கண்கள் பழைய அயாஷியின் கண்களாக, பாதி மூடி, எல்லோரையும் மன்னிக்கிற கண்களாக ஆனதைப் பார்த்தேன். தேநீர் அறை வாசலிலிருந்த ஓட்டுநர்களும் பார்த்தார்கள். புஸெல்ஹாம் கூவுவதை நிறுத்திவிட்டான்.

அயாஷி உள்ளே குனிந்து சாவியை உருவினார். லல்லா தாமூவின் வெறுங்கையை விரித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பிறகு வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

“தம்பி, நீ பின்னால போய் உக்காரு. இன்னிக்கு முன் சீட்டு எனக்கு.”

நான் பின்னால் போனேன். அவர் ஏறி, கதவைச் சாத்தி, சட்டைப்பையிலிருந்து பயணக் காசை எடுத்து ஜன்னல் வழியே புஸெல்ஹாமிடம் நீட்டினார்.

“லாராஷுக்கு ஒரு ஆள். வண்டி நிறைஞ்சிடுச்சு. ஓட்டுநரைக் கூப்பிடு.”

“எங்க போற நீ?” என்றார் லல்லா தாமூ.

“இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. டாக்டரம்மா காத்திட்டிருக்கும். வண்டி உங்களுது, லல்லா. யாரை வேணும்னாலும் ஓட்ட விடுங்க. நான் காசு குடுத்த பயணி.”

புதுச் சட்டைக்காரன் வந்தான். சாவிக்காகக் கையை நீட்டினான். அப்போது நடு இருக்கையிலிருந்து ஷாமாவின் குரல் வந்தது.

“லல்லா, புகார் சொன்னவ நான்தான். கத்துறாருன்னு சொன்னேன். வேலையப் பிடுங்குங்கன்னு சொல்லல. சாவிய அவர்கிட்டயே குடுங்க. கத்தினா கத்தட்டும், எனக்கும் வாய் இருக்கு.”

“உனக்கு இருக்குறது தெரியும்,” என்றார் அயாஷி, திரும்பாமல்.

“பாத்தீங்களா?” என்றார் ஷாமா.

கடைசி இருக்கையில் ஆசிரியர் தொண்டையைச் செருமினார். “ஒண்ணு சொல்லணும். முன்னெல்லாம் அடிக்கடி என் பள்ளிக்கூடத் திருப்பத்தைத் தாண்டிப் போயிடுவாரு. நானும் தூங்கிடுவேன், யார்கிட்டயும் சொல்லல. பெருநாளுக்கப்புறம் ஒரு நாளும் தாண்டல.”

லல்லா தாமூ புதுச் சட்டைக்காரனைப் பார்த்தார், காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். பிறகு குனிந்து சாவியை அந்த இருக்கையின் மேல் வைத்து, கதவை அறைந்து சாத்தினார். முடிச்சை மட்டும் விடவில்லை. அதைக் கையில் ஏந்தியபடி வண்டியைச் சுற்றி வந்து, அயாஷியின் ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டார்.

“இது என் வீட்டுல இருக்கும்,” என்றார், மெல்ல. “முடியலன்னா வா. யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

வாசனை உள்ளே வந்தது. இறங்கினால் அவரைக் கடந்துதான் போக வேண்டும்.

அயாஷி கண்ணாடியை ஏற்றினார், கடைசி இடுக்கு மூடும்வரை. குல்லாயைத் தலையில் அழுத்திக்கொண்டார். பிறகு ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் ஒரு காலைத் தூக்கி, கியர் கம்பிக்கு மேலே போட்டு, முழங்கால் இடிக்க, தலை கூரையில் மோத, பெண்கள் வாயைப் பொத்திக்கொள்ள, முனகிக்கொண்டும் ஏசிக்கொண்டும் உள்ளுக்குள்ளேயே தவழ்ந்து, ஓட்டுநர் இருக்கையில் சாவியின் மேலேயே போய் விழுந்தார்.